தவமலர் கொண்டுவந்த குளிர்

லீட்ஸ் நகரத்திலிருந்து தவமலர் கேமரன் மலை ஊரான ரிங்லெட்டுக்கு வந்து இறங்கிய ஜூலை மாதத்துப் புதன்கிழமை பிற்பகலில் ஊர் முழுக்க இருபத்தாறு டிகிரி வெயில் அடித்தது. அவளைச் சுற்றி ஆறடிக்கு மட்டும் பன்னிரண்டு டிகிரி இருந்தது. இதை முதலில் கவனித்தவர் மலையடிவாரத் தாப்பாவிலிருந்து அவளை ஏற்றிவந்த டாக்சிக்காரர். மலைப்பாதையில் ஐந்தாவது மைல் தாண்டுவதற்குள் அவர் ஏர்கானை அணைத்தார். பிறகு கண்ணாடிகளை ஏற்றினார். பெத்தாய்க் காய் விற்கும் கொட்டகைகளுக்குப் பக்கத்தில் வண்டியை ஓரம் கட்டி, பின்பெட்டியில் கிடந்த மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, மீண்டும் ஓட்டினார். பின் இருக்கையில் இருந்த தவமலருக்கு எதுவும் தெரியவில்லை. பதினான்கு மணி நேர விமானப் பயணத்தில் அவள் கால்கள் வீங்கியிருந்தன. வழியெங்கும் அவள் வேறு எதையெதையோ பார்த்துக்கொண்டு வந்தாள். மலைச்சரிவுகளில் பச்சைக்குப் பதிலாக வெள்ளை பிளாஸ்டிக் கூரைகள் அடுக்கடுக்காக மேலே போயிருந்தன. அணைக்கட்டு ஏரி பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தது. தேயிலைச் சரிவில் சேலைக்கு மேல் சாக்குத்துணி ரெட்டு கட்டிய பெண்கள் யாருமில்லை. இரண்டிரண்டு ஆண்களாக ஒரு இயந்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு செடிகளின் தலையைச் சிரைத்தபடி நடந்தார்கள். பழைய தபால் ஆபிஸ் முக்கில் நிறுத்தச் சொன்னாள். அப்படி ஓர் இடமே இல்லை என்றார் டாக்சிக்காரர். நின்ற இடம் அதுதான்; அங்கே இப்போது ஸ்ட்ராபெரி வடிவத்தில் தலையணை விற்றார்கள்.

அவள் ஊரைவிட்டுப் போனது 1999ஆம் ஆண்டு ஜனவரியில், பன்னிரண்டு டிகிரி குளிரடித்த ஒரு விடிகாலையில். அப்போது வயது இருபத்து நான்கு. அதற்குப் பிறகு மூன்று முறை வந்திருக்கிறாள். 2004இல் கணவர் சிவனேஸ்வரனோடு வந்தபோது ரிங்லெட்டும் ஏறக்குறைய அதே குளிரில்தான் இருந்தது. அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் சற்று அதிகமாகச் சில்லிடுவதை யாரும் ஒரு விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2011இல் அப்பா சிவசாமி இறந்து நான்கு நாள் லீவில் வந்தாள். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கைகளைத் தேய்த்துக்கொண்டு, இழவு வீடென்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிப் போனார்கள். 2017இல் வந்தபோது மூன்று நாளும் மழை. அதன்பிறகு நோய்த்தொற்றுக் காலம் வந்தது, அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை வந்தது, ஏழு வருடம் ஓடிவிட்டது. அந்த ஏழு வருடத்தில் ஊர் மளமளவென்று சூடேறியது. தவமலர் ஏறவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

வெளிநாடு போனவர்கள் திரும்பி வரும்போது எதையாவது பழையதைத் தூக்கிக்கொண்டு வருவது ரிங்லெட்டுக்குப் புதிதும் இல்லை. மெல்பர்னுக்குப் போன சரோஜாவின் மூத்த மகன் ஒருமுறை வந்திருந்தபோது, எப்போதோ இடித்துவிட்ட படக்கொட்டகையின் மணி அவன் நடந்த தெருவெல்லாம் அடித்தது. இரண்டு நாளில் எல்லாருக்கும் பழகிப்போயிற்று. சிங்கப்பூரிலிருந்து வந்த காளியம்மாவின் தங்கையோடு, செத்து இருபது வருடமான செவலை நாய் ஒன்று வந்தது; அவள் போகும்போது அதுவும் பஸ் ஏறிவிட்டது. ஆகவே தவமலர் குளிரைக் கொண்டுவந்தது ஆச்சரியமாக இருந்தாலும் கலவரமாக இல்லை, அவள் அம்மாவைத் தவிர மற்றவர்களுக்கு.

அம்மா ருக்குமணிக்கு எழுபத்தாறு வயது. தேயிலைத் தோட்டத்தில் முப்பத்து நான்கு வருடம் கொழுந்து கிள்ளியவள். தோட்டத்து லயத்தை விட்டு வந்து, ரிங்லெட்டில் மகன் மகேனின் தொடர்வீட்டில், முன்னறையில் ஒரு மெத்தை நாற்காலியில் இருந்தாள். தவமலர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முதலில் பார்த்தது, கூடத்தின் நடுவே சுழன்ற மின்விசிறியை. கேமரன் மலையில் ஒரு வீட்டுக்குள் மின்விசிறியை அவள் இதற்கு முன் பார்த்ததில்லை. அடுத்துப் பார்த்தது, அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற நான்கு கால் வாக்கரை. அம்மா மார்ச் மாதம் விழுந்து இடுப்பெலும்பு விரிசல் கண்டு ஈப்போ ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் படுத்திருந்தாள் என்பது அப்போதுதான் தவமலருக்குத் தெரிந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் வந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போனில் பேசியவர்கள், அம்மா தூங்குகிறாள், அம்மா கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். தூரத்தில் இருப்பவளை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும் என்று விட்டுவிட்டார்களாம்.

“வாடி, வா மலரு” என்று ருக்குமணி இரண்டு கைகளையும் நீட்டினாள். தவமலர் நான்கு எட்டு வைத்தாள். அம்மாவின் நீட்டிய விரல்கள் அப்படியே மடங்கி உள்ளங்கைக்குள் சுருண்டன. முகம் கோணியது. உதட்டில் நீலம் பரவியது. மகேனின் மனைவி புனிதா ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“அண்ணி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அத்தைக்கு வெரலு இழுத்துக்குது, பாருங்க.”

காரின் ஏர்கான் இன்னும் உடம்பில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்தார்கள். வெந்நீரில் குளிக்கச் சொன்னார்கள். குளித்துவிட்டு வந்தாள், குளியலறையிலிருந்து மாடிப்படி வரைக்கும் ஆவி நிறைந்ததே தவிர குளிர் போகவில்லை. சாயங்காலம் மகேன் தன் காய்கறித் தோட்டத்திலிருந்து நாற்றுக் கொட்டகையின் வெப்பமானியைக் கொண்டுவந்து, அக்காவை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, நாலா பக்கமும் அளந்தான். ஆறடிக்குள் பன்னிரண்டு. ஆறடிக்கு வெளியே இருபத்து நான்கு. நடுவில் படிப்படியான இறக்கம் எதுவுமில்லை, அரிவாளால் வெட்டினது மாதிரி இருந்தது. அன்றிலிருந்து தவமலருக்கு அம்மாவின் அறை வாசற்படியில் ஒரு நாற்காலி போட்டார்கள். அங்கிருந்து அம்மாவின் கட்டில் ஏழடி.

சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்கு மங்கிப்போன குவளையும் அவளுக்குக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்த பூப்போட்ட கோப்பையும் வைத்தார்கள். அதைப் பார்த்ததும் அவள் மனம் சோர்ந்தது. தண்ணீர் கொடுத்தபோது வாய்தவறி நன்றி சொன்னாள், புனிதா அடிபட்டவள்போல நிமிர்ந்து பார்த்தாள். யார் வந்தாலும் உட்காருவதற்கு முன்பே, எப்போ திரும்பிப் போறே என்று கேட்டார்கள். மூன்று வாரம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அது ஒரு தண்டனைக்காலம் போலத் தோன்ற ஆரம்பித்தது. அந்த மூன்று வாரத்தைச் சேர்க்க அவள் இரண்டு வருடம் இரட்டை ஷிப்ட் பார்த்திருந்தாள். வந்ததும் தூங்கலாம், அம்மா பக்கத்தில் படுத்துக்கிடக்கலாம் என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் அவளிடம் இருக்கவில்லை.

திங்கட்கிழமை வேலம்மா வந்தாள். ருக்குமணியோடு ஒரே நிரையில் கொழுந்து கிள்ளியவள். இரும்புப் பெட்டியின் அடியில் கிடந்த கம்பளிச் சட்டையை, பாச்சை உருண்டை நாற்றத்தோடு, கையில் மடித்து எடுத்துவந்திருந்தாள். ஆறடிக்குள் வந்து நின்றாள். சட்டையை மாட்டினாள். வாயைத் திறந்து ஊதி, புகை வருவதைப் பார்த்தாள்.

“இதான்டி கேமரன்! இந்தக் குளுரு எங்கதான் போச்சுன்னு இத்தன வருசமா தேடுனா, இவ தூக்கிட்டுப் போயிருக்கா லா!”

செவ்வாய்க்கிழமை பதினோரு பேர் வந்தார்கள். புதன்கிழமை மலையில் இன்னும் மேலே உள்ள பிரிஞ்சாங்கிலிருந்து ஒரு வேன் வந்தது. ஓய்வுபெற்ற தோட்டத்து ஆபிஸ் கிராணி யோகேந்திரன் கழுத்தில் மப்ளரும் தலையில் துரைமார் கொடுத்த பழைய தொப்பியுமாக வந்து, அவளுக்கு வலப்பக்கம் இரண்டடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து எழுந்து போனார். வந்தவர்கள் அவளை நடுவில் உட்காரவைத்துச் சுற்றிலும் பாய் விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். பனியில் முள்ளங்கி இனித்ததைச் சொன்னார்கள், விறகடுப்பைச் சுற்றிப் படுத்ததைச் சொன்னார்கள், மூடுபனியில் அடுத்த நிரையில் நிற்பவள் யாரென்று இருமலை வைத்துக் கண்டுபிடித்ததைச் சொன்னார்கள். தவமலரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் கண்கள் தாமாக மூடிக்கொள்ளும். யாராவது தொடையைத் தட்டி, இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பி உட்காரும்மா, இங்கே எட்டல என்பார்கள்.

முன்னறையில் ருக்குமணி இரண்டு போர்வைக்குள்ளிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை, வேலம்மா ஏழாவது தடவையாக அந்தக் குளிரைப் புகழ்ந்தபோது, உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. பெரிய குரல் இல்லை. ஆனால் கூடம் அடங்கிவிட்டது.

“என்னாடி நல்ல குளுரு? அஞ்சரைக்குப் பேரு கூப்புடுற பெரட்டுல நிக்கையில காலு மரத்துப் போயி, நிக்கிறது எங்காலா அடுத்தவ காலான்னு தெரியாது. ஈரக் கொழுந்துல கைய வெச்சா நகத்துக்குக் கீழ வெடிச்சி ரத்தம் வரும். கொழுந்துல ரத்தம் பட்டா மண்டோரு ஏசுவான்னு சேலையில தொடச்சிக்கிட்டே கிள்ளுனோம். மறந்துட்டியா வேலம்மா? இந்தக் குளுருல எம்மவ நிக்கக் கூடாதுன்னுதான்டி நான் அவள ஏரோப்ளேன் ஏத்தி வுட்டேன்.”

வேலம்மா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவையும் நேராக இல்லை.

“மறக்கல லா” என்றாள். “அப்ப நமக்கு முப்பது வயசு, ருக்கு.”

அன்றைக்குச் சீக்கிரமே பாய்களைச் சுருட்டினார்கள். ஆனாலும் மறுநாளும் வந்தார்கள்.

தவமலர் மகேனின் தோட்டத்துக்குப் போனதற்கு வீட்டில் கூட்டம் தாங்கவில்லை என்பது ஒரு காரணம்; மகேனின் கஷ்டம் இன்னொரு காரணம். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் அவனுக்கு இரண்டு ஏக்கர் குத்தகை நிலம் இருந்தது. 2013இல் மேலேயிருந்த அணையைத் திறந்துவிட்டுச் சேறு வந்தபோது அங்கிருந்த அவனுடைய முதல் தோட்டம் ஒரு ராத்திரியில் காணாமல் போயிற்று. சேற்றைத் தோண்டிப் பாத்திகளை மறுபடியும் கண்டெடுக்க இரண்டு வருடம் ஆனது. இப்போது தண்ணீர் இருந்தது, மண் இருந்தது, குளிர் இல்லை. போட்ட ப்ரோக்கோலி எல்லாம் உருண்டை கட்டாமல் மஞ்சள் பூவாக விரிந்துபோனது. இரண்டு போகம் அப்படியே மாட்டுக்குப் போயிற்று.

“அக்கா, நாளைக்கி கெபுன் பக்கம் வாயேன்” என்றான் மகேன். “வேல ஒண்ணும் இல்ல. சும்மா குந்தினாப் போதும்.”

மறுத்துச் சொல்வதற்கு ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் இல்லை. பாத்திகளுக்கு நடுவே சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, அதில் அவளைக் காலை ஏழு மணிக்கு உட்காரவைத்தான். ஒன்பது மணிக்கு நாற்காலியைப் பன்னிரண்டடி தள்ளிப் போட்டான். பதினோரு மணிக்கு மறுபடியும் பன்னிரண்டடி. மூன்றாம் நாள் அவள் முதலில் உட்கார்ந்த இடத்தைச் சுற்றி வட்டமாக, கச்சிதமாக, ப்ரோக்கோலி கைமுட்டி அளவுக்கு உருண்டு நின்றது. மகேன் அந்த வட்டத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வெகுநேரம் தடவிப் பார்த்தான். அவன் பேராசைக்காரன் இல்லை. மூன்று நாளாகத்தான் சரியாகச் சாப்பிடுகிறான் என்று புனிதா சொன்னாள். அவன் வேலையாட்களோடு வங்காள மொழியில் பேசுவதைத் தவமலர் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்கு ஒரு முழு மொழி தெரிந்திருப்பது இவ்வளவு காலம் தனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது என்று நினைத்தாள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வெளிச்சம் பால் மாதிரி இருந்தது. பூச்சிமருந்து நாற்றத்தில் தலை வலித்தது. லீவில் வந்தவள் தினமும் வேலைக்குப் போய்த் திரும்பினாள். நடுவில் சிவனேஸ்வரன் லீட்ஸிலிருந்து போன் செய்து, வீடு ரொம்பச் சூடாக இருக்கிறது, ஹீட்டரில் ஏதோ கோளாறு, இருபது வருடத்தில் முதல் தடவையாக ஸ்வெட்டர் இல்லாமல் தூங்கினேன் என்றார். அவர் எப்போதும் ஸ்வெட்டரோடுதான் படுப்பார். யார்க்‌ஷயர் அப்படித்தான் என்று இருவரும் நினைத்திருந்தார்கள்.

சாயங்காலம் வந்து வாசற்படி நாற்காலியில் உட்காருவாள். ஏழடிக்கு அப்பால் புனிதா அம்மாவுக்கு முதுகு துடைத்துவிட்டு, எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, ஒரு சின்னக் கொண்டை போடுவாள். ஒவ்வொரு விரலாக நீவி விடுவாள். தவமலருக்கு வார்டில் முதியவர்களோடுதான் வேலை. பத்தொன்பது வருடத்தில் எத்தனையோ வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டியிருக்கிறாள். நீவுவதில் புனிதா கட்டை விரலைத் தப்பான இடத்தில் வைக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. சொல்லவில்லை. ஏழடியிலிருந்து என்ன சொல்வது?

இரண்டாவது வாரக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தஞ்சோங் மாலிமில் படிக்கும் மகேனின் மகள் தாரணிக்கு டெங்கிக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்தது. மகேனும் புனிதாவும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். புனிதா போகிற போக்கில், பக்கத்து வீட்டுச் சீதாவைப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன் அண்ணி, நீங்கள் வாசலிலேயே இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்று சொன்னாள். பத்தாகியும் சீதா வரவில்லை. தவமலர் சமையலறையில் கஞ்சியைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். மகளைக் கூப்பிடக்கூடாது என்று ருக்குமணி வெகுநேரம் அடக்கிக்கொண்டிருந்து, முடியாமல், தானே வாக்கரைப் பிடித்து எழுந்து குளியலறைக்குப் போனாள். வாசல் தடுப்பில் வாக்கரின் கால் இடித்தது. விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. மாவு மூட்டையை இறக்கி வைப்பது போல் இருந்தது.

தவமலர் ஓடிவந்து, பழக்க தோஷத்தில், ஏழடியில் நின்றுவிட்டாள். அம்மா ஈரத் தரையில் பக்கவாட்டில் கிடந்தாள். சேலை நனைந்திருந்தது. கண்கள் திறந்து அவளைத்தான் பார்த்தன.

“வராதடி” என்றாள் ருக்குமணி. “சீதாவக் கூப்புடு.”

தவமலர் உள்ளே போனாள். அவளோடு குளிரும் உள்ளே போனது. ஓடுகள் மீது பனித்துளி கோத்தது, ருக்குமணியின் பற்கள் தந்தியடித்தன, விரல்கள் கொக்கி மாதிரி இறுகின. தவமலர் முட்டி போட்டு, இடுப்பைத் தொட்டுப் பார்த்து, எலும்பு நகரவில்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, தினமும் செய்கிற மாதிரி அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, என் கழுத்தைக் கட்டிக்கம்மா என்று சொல்லி, ஒன்று இரண்டு மூன்று எண்ணித் தூக்கினாள். ருக்குமணி கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மார்போடு மார்பு அழுந்தியது. இருவரும் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பற்கள் அடிப்பது நின்றது.

“மலரு.”

“சொல்லும்மா.”

“ஒம்மேலு சூடா இருக்குடி.”

மனித உடம்பு முப்பத்தேழு டிகிரி என்பது ஒரு நர்ஸுக்குத் தெரியாததல்ல. பதினைந்து நாளாக ஊரே குளிரில் காய்ந்துகொண்டு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அந்தப் பதினைந்து நாளில் யாரும் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. குளிர் ஆறடியில் ஆரம்பித்து அவள் தோலுக்குச் சற்று முன்னால் முடிந்துபோயிருந்தது.

அவள் அம்மாவின் ஈரச் சேலையை அவிழ்த்து, குளியல் ஸ்டூலில் உட்காரவைத்து, வெந்நீர்க் குழாயைத் திறந்தாள். குளிரில் ஆவி திரண்டு எழுந்தது. குளியலறையிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து தெருவுக்கும் போனது. அப்போதுதான் வந்த சீதா எதிரே எதுவும் தெரியாமல் வாசல் கதவைத் தடவிக்கொண்டு நின்றாள், உள்ளே பேச்சுக்குரல் கேட்டதும் திரும்பிப் போய்விட்டாள். தவமலர் அம்மாவின் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு தோள்களிலும் கூடை வார் அழுத்தின கறுத்த தழும்புகள் இருந்தன. அவற்றை அவள் இதற்கு முன் பார்த்ததேயில்லை. அவள் ஊரில் இருந்த காலத்தில் அம்மா உடம்பைக் காட்ட மாட்டாள். சோப்பு போட்டுத் தேய்த்தாள். விரல்களை ஒவ்வொன்றாக வெந்நீரில் பிடித்து, கட்டை விரலைச் சரியான இடத்தில் வைத்து நீவினாள். அவை நேராகவில்லை. ஆனால் திறந்தன.

“இன்னுங் கொஞ்சஞ் சூடா ஊத்து” என்றாள் ருக்குமணி.

மறுநாள் மத்தியானம் புனிதா மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்தாள். தாரணிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, மகேன் ஒருநாள் கூட இருந்துவிட்டு வருவான். வீட்டுக்குள் வந்தவள் ஜன்னல் கண்ணாடிகள் எல்லாம் பனி படர்ந்து கிடப்பதைப் பார்த்தாள். முன்னறைக் கட்டிலில் மாமியாரும் நாத்தனாரும் ஒரே போர்வைக்குள் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கம்பளிச் சட்டைகளோடு நான்கு பேர் கூடத்தில் காத்திருந்தார்கள். புனிதா வாயில் விரல் வைத்து அவர்களை வெளியே அழைத்துப் போய், கேட்டைச் சாத்தி, இனிமேல் பார்க்க முடியாது, அண்ணி தூங்க வேண்டும் என்றாள். வேலம்மா தெருவில் நின்று கொஞ்சம் முணுமுணுத்தாள். பிறகு சட்டையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனாள்.

வியாழக்கிழமை ராவானதும் வந்த மகேன், வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு வேனின் ஹாரனை அடித்தான். தவமலர் வாசலுக்கு வந்தாள்.

“இன்னக்கி வரல தம்பி.”

“மூணு பாத்திதான் பாக்கி இருக்கு அக்கா. இப்ப விட்டா பூத்துரும்.”

“மகேன், நான் அங்க எந்த வார்டுல வேல செய்யிறேன்னு தெரியுமா ஒனக்கு?”

மகேன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். “நர்ஸு வேல” என்றான்.

“வயசானவங்க வார்டு. பத்தொம்பது வருசமா குளிப்பாட்டுறேன். நம்ம அம்மாவ ஒரே ஒரு தடவ குளிப்பாட்டினேன், செவ்வாய்க்கெழம. இன்னும் அஞ்சு நாளு இருக்குடா.”

அவன் வேனை நிறுத்தவும் இல்லை, எடுக்கவும் இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு கிளம்பிப் போனான். மூன்று பாத்திகளும் சனிக்கிழமைக்குள் மஞ்சளாகப் பூத்துவிட்டன. சனிக்கிழமை மாலை அவன் குளித்துவிட்டு அம்மாவின் அறைக்கு வந்து, சட்டை கூடப் போடாமல் வெறும் பனியனோடு, ஆறடிக்குள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. “அங்க ஒனக்குச் சாப்பாடெல்லாம் எப்படிக்கா?” என்று கேட்டான். இருபத்தைந்து வருடத்தில் அவன் கேட்டிருக்கவேண்டிய கேள்விகளில் அது முதலாவது. தவமலர் சொல்ல ஆரம்பித்தாள். சொல்லி முடிப்பதற்குள் தூங்கிவிட்டாள். அந்த ஐந்து நாளில் அவள் மொத்தம் ஐம்பத்தொரு மணி நேரம் தூங்கினாள் என்று புனிதா கணக்கு வைத்திருந்தாள். மீதி நேரத்தில் அம்மாவுக்கு வெந்நீர் வார்த்தாள், புனிதாவுக்கு விரல் நீவும் முறையைக் காட்டிக்கொடுத்தாள், மங்கின குவளையில் காப்பி குடித்தாள். வீட்டில் தன்னிடம் இதுவரை மறைத்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லச் சொன்னாள். சொன்னார்கள். இரண்டு மாலை ஆயிற்று.

புதன்கிழமை அவள் புறப்பட்டாள். டாக்சி வளைவில் திரும்பியதும் வீட்டுக்குள் இருபத்தைந்து டிகிரி திரும்பி வந்தது. ருக்குமணி போர்வையை உதறிவிட்டு, புழுக்கமாக இருக்கிறது என்றாள். மற்றபடி அழவில்லை.

லீட்ஸில் தவமலர் முன்பு கவனிக்காத சிலவற்றைக் கவனித்தாள். காய்ச்சல் கண்ட நோயாளிகள் இரவில் அவளைத்தான் பெயர் சொல்லிக் கேட்டார்கள். ஜனவரியில், வேலைக்குப் போகும் பஸ் நிறுத்தத்தில், மைனஸ் மூன்று டிகிரியில், அவள் நின்ற இடத்தைச் சுற்றி வட்டமாகப் பனி கரைந்து நடைபாதைக் கல் தெரிந்தது. முன்பின் தெரியாதவர்கள் அந்த வட்டத்துக்குள் ஒவ்வொருவராக வந்து நின்று, கையுறையைக் கழற்றிக்கொண்டு, இன்றைக்குப் பரவாயில்லை, கொஞ்சம் கதகதப்பாக இருக்கிறது என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். இத்தனை வருடமாக அவர்கள் நட்பினால் நெருங்கி நிற்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். அதனால் ஒன்றும் வருத்தமில்லை. நகர்ந்து இடம் கொடுத்தாள்.

அடுத்த ஆண்டு அவளுக்குப் பத்தொன்பது நாள் லீவு கிடைத்தது. ரிங்லெட்டில் அன்றைக்கு இருபத்தேழு டிகிரி. மகேன் தானே போய்த் தாப்பாவிலிருந்து அழைத்து வந்தான், இரண்டு சட்டை போட்டுக்கொண்டு. தவமலர் கூடத்துக்குள் நுழைந்து, வழக்கப்படி ஏழடியில் நின்றாள். ருக்குமணி காலுறை போட்டுக் கூடத்து நாற்காலியில் தயாராக இருந்தாள். வாக்கரைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுந்தாள். புனிதா கைகொடுக்கப் போனாள்; வேண்டாம் என்று தலையசைத்தாள். ஓர் அடி வைத்து, இன்னோர் அடி வைத்து, குளிருக்குள் வந்தாள். நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள். மூச்சு வெள்ளையாக வந்தது. பிறகு மீதியையும் நடந்தாள்.